இன்யோ கவுண்டி: தண்ணீர் போன வழியே ஒரு பயண வழிகாட்டி

டெத் வேலிக்குப் போய்வந்தவர்களிடம் அது எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விட்னி மலை ஏறியவர்களும் அப்படியே. இரண்டுமே கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் இன்யோ கவுண்டியைச் சேர்ந்தவை. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் (4,421 மீட்டர்) இதன் மேற்கு எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலமும் (கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே) இங்கேதான். இரண்டுக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 136 கிலோமீட்டர்.

சிகரத்தையும் பள்ளத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்புவதற்கு யாருடைய வழிகாட்டுதலும் தேவையில்லை. 26,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் வெறும் 19,000 பேர் மட்டும் ஏன் வசிக்கிறார்கள், பாசனம் நடந்த பள்ளத்தாக்கில் இன்று ஏன் புதர் மண்டிக் கிடக்கிறது, ஊர்கள் ஏன் ஐம்பது ஆண்டுகளாக ஓர் அங்குலமும் நகராதவைபோல் இருக்கின்றன என்றெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: இங்கே எந்த இடத்தில் நின்றாலும், இங்குள்ள தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று முதலில் கேளுங்கள். அதனால்தான் கீழே உள்ள பயணம் ஆறு ஓடும் திசையில், வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது.

முதல் படி: காகித வரைபடம் ஒன்றை விரியுங்கள்

செல்போன் திரையில் இந்தக் கவுண்டி பிடிபடாது. மலைச்சரிவுகள் தெரியும்படி அச்சிட்ட பெரிய வரைபடம் வேண்டும். அதை மேற்கிலிருந்து கிழக்காகப் படியுங்கள். முதலில் சியரா நெவாடா மலைத்தொடர். அதன் காலடியில் வடக்கு தெற்காக நீளும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. அதற்கப்பால் வொயிட் மலைகளும் இன்யோ மலைகளும். அவற்றையும் தாண்டினால் பானமின்ட் தொடர், டெத் வேலி, கடைசியாக நெவாடா எல்லை. பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு, துண்டுதுண்டாக உடைந்து, சில துண்டுகள் உயர்ந்தும் சில தாழ்ந்தும் போனதால் ஏற்பட்ட அமைப்பு இது.

பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் தங்களிடம் உள்ளதையெல்லாம் சியராவின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டிவிடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையாகவும் இந்தப் பக்கம் வெறும் காற்றாகவும் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் நடுவிலுள்ள இண்டிபெண்டன்ஸ் ஊரில் ஆண்டு மழை சுமார் 5 அங்குலம். டெத் வேலியில் 2 அங்குலம். ஆனால் சியராவின் உச்சியில் தங்கிய பனி உருகி, ஓடை ஓடையாகக் கிழக்கே இறங்கி, ஓவன்ஸ் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆற்றுக்குக் கடல் கிடையாது. தெற்கே ஓவன்ஸ் ஏரியில் போய் முடிவதுதான் அதன் வழக்கம், 1913 வரை.

வரைபடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளத்தாக்கின் வடக்கே உள்ள பிஷப் ஊருக்கும் தெற்கே உள்ள லோன் பைன் ஊருக்கும் இடையே சியராவைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றுகூட இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபிரெஸ்னோ பறவைக்குப் பக்கம், காருக்குத் தூரம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வருபவர்கள் 14, 395 ஆகிய சாலைகளைப் பிடித்தால் மூன்றரை மணி நேரத்தில் லோன் பைனை அடையலாம். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கமிருந்து வருபவர்களுக்கு யோசெமிட்டி வழியாக டியோகா கணவாய் நல்ல வழி, ஆனால் பனிக்காலம் முழுவதும் அது மூடியிருக்கும். பெரும்பாலும் நவம்பரில் மூடி, மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள்.

இரண்டாம் படி: நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை ஊரில் கால் வைப்பதற்கு முன்பே செய்யுங்கள். நிலவுடைமையை நிறம் நிறமாகக் காட்டும் வரைபடங்கள் கிடைக்கின்றன. இன்யோவின் வரைபடத்தில் தனியார் நிலத்துக்கான நிறத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்; மொத்தப் பரப்பில் அது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மத்திய அரசுடையது: தேசியப் பூங்கா, தேசியக் காடு, பொது நில நிர்வாகம். பள்ளத்தாக்கின் நடுவே ஆற்றை ஒட்டி நீளமாக ஒரு பட்டை தெரியும். சுமார் 2,50,000 ஏக்கர் கொண்ட அந்தப் பட்டைக்கு உரிமையாளர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், அதன் நீர் மின் துறை. ஒரு நகராட்சி இன்னொரு கவுண்டியின் நல்ல நிலத்தையெல்லாம் வைத்திருக்கிறது. இந்தக் கவுண்டியின் நூறாண்டு வரலாறு முழுவதும் அந்தப் பட்டைக்குள் அடங்கிவிடும்.

நடைமுறையில் இதன் பொருள்: நகரத்துக்குச் சொந்தமான இந்த நிலத்தில் பெரும்பகுதியில் பகலில் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். கூடாரம் அடிக்கக் கூடாது. குத்தகைக்கு எடுத்த பண்ணைக்காரர்களின் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

நிர்வாகத்தைப் பற்றி இரண்டு வரி போதும். 1866-இல் உருவான கவுண்டி இது. தலைமையிடம் இண்டிபெண்டன்ஸ். ஆனால் நகராட்சி அந்தஸ்து பெற்ற ஒரே ஊர் பிஷப். லோன் பைன், பிக் பைன், ஏன் தலைமையிடமான இண்டிபெண்டன்ஸுக்குக்கூட மேயர் கிடையாது. ஐந்து பேர் கொண்ட கவுண்டி மேற்பார்வையாளர் குழுதான் அவற்றை நிர்வகிக்கிறது. இணையத்தில் தேடும்போது இண்டிபெண்டன்ஸ் என்று மட்டும் போட்டால் மிசூரி மாநிலத்து ஊர்தான் முதலில் வந்து நிற்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் இன்யோவின் எண் 06027. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் குழப்பம் வராது.

மூன்றாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களை இந்தக் கவுண்டி தண்டிக்கும். டெத் வேலிக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போது வொயிட் மலைகளில் உள்ள பழமையான பிரிஸ்டில்கோன் மரங்களுக்குப் போகும் மலைப்பாதையைப் பனி மூடியிருக்கும். மலைக்கு ஏற்ற ஜூலையிலும் ஆகஸ்டிலும் டெத் வேலியில் கார் கதவைத் திறக்கவே பயப்பட வேண்டும். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலகச் சாதனை என்று ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஓரளவு ஒத்துவருவது அக்டோபரில். என் ஓட்டு அக்டோபருக்கே. ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாக மாறுவதும் ஏறக்குறைய அப்போதுதான். வரலாற்றுக்காக மட்டும் வருபவர்கள் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையைப் பார்க்கலாம். காரணம் ஒன்பதாம் படியில், மன்சனாரைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

நான்காம் படி: காரை நிரப்புங்கள்

ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர், நல்ல உதிரி டயர், முழுத் தொட்டி பெட்ரோல். 395-ஐ விட்டுக் கிழக்கே திரும்பியதும் செல்போன் சிக்னலை மறந்துவிடுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் வழிகாட்டும் செயலி சொல்கிறதே என்று மண்பாதையில் இறங்காதீர்கள். மளிகையும் காய்கறியும் பிஷப்பிலேயே வாங்கிவிடுவது நல்லது, சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயமாக. மலையடிவார முகாம்களில் கரடி உண்டு. புளியோதரைப் பொட்டலத்தைக் காரில் வைத்துவிட்டுப் போனால் அது கார்க் கதவைப் பிய்த்து எடுத்துக்கொள்ளும். உணவை வைப்பதற்கென்றே அங்கு இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. சோப்பையும் பற்பசையையும்கூட அவற்றில் வைக்கச் சொல்கிறார்கள்.

ஐந்தாம் படி: பிஷப்பிலிருந்து தொடங்குங்கள்

பலர் இந்த ஊரை சாண்ட்விச் வாங்குமிடமாக மட்டும் அறிவார்கள். ஊரை ஒட்டி, இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான பையூட் மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலத்தில் ஒரு பண்பாட்டு மையம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பாசனம் வெள்ளைக்காரர்கள் வந்து தொடங்கியதல்ல. பிஷப் ஓடையை மறித்து, கால்வாய் வெட்டி, கோரை இனத்துக் கிழங்குகளும் பிற கிழங்குச் செடிகளும் விளையும் நிலங்களுக்குப் பையூட் மக்கள் நீர் பாய்ச்சியிருக்கிறார்கள். 1861-இல் மாட்டு மந்தைகளோடு குடியேறிகள் வந்தார்கள். மாடுகள் அந்தக் கிழங்கு நிலங்களை மேய்ந்து அழித்தன. பசியில் இவர்கள் மாட்டைப் பிடித்தார்கள், அவர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள். 1862 ஜூலை 4 அன்று ராணுவம் ஒரு முகாம் அமைத்தது. அன்று சுதந்திர தினம் என்பதால் முகாமுக்கும் பிறகு ஊருக்கும் இண்டிபெண்டன்ஸ் என்று பெயர். அந்தச் சுதந்திர முகாமிலிருந்துதான் 1863 ஜூலையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பையூட் மக்களைக் கடும் வெயிலில் தெற்கே டெஜோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் பலர் இறந்தார்கள், சிலர் தப்பினார்கள். பின்னாளில் பலர் திரும்பி வந்து, தங்கள் பழைய கால்வாய்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்த பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்தார்கள்.

1937-இல் மத்திய அரசும் லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் நிலப் பரிமாற்றம் செய்துகொள்ள வழி செய்யும் சட்டம் வந்தது. இன்றைய பிஷப், பிக் பைன், லோன் பைன் ஒதுக்கீட்டு நிலங்கள் அதன் மூலம் வந்தவை. நிலம் கைமாறியது, நீர் உரிமை மாறவில்லை. அந்தப் பிணக்கு இன்னும் தீராமல் நிற்கிறது.

பிஷப்புக்கு வடகிழக்கே லாஸ் (Laws) என்ற இடத்தில் பழைய ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1883-இல் வந்த குறுகிய பாதை ரயில் 1960 வரை ஓடியது. குழந்தைகளோடு வருபவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். மற்றவர்களுக்கு அரை மணி நேரம் போதும்.

ஆறாம் படி: பிக் பைனில் மேலே ஏறி இறங்குங்கள்

பனி இல்லாத மாதமாக இருந்தால் பிக் பைனிலிருந்து 168-ஆம் சாலையில் வொயிட் மலைக்கு ஏறி ஷுல்மன் தோப்புக்குப் போங்கள். சுமார் 10,000 அடி உயரம், தார்ச்சாலை. முறுக்கிப் பிழிந்த துணிபோல் நிற்கும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களில் ஒன்றுக்கு 4,800 வயதுக்கு மேல். எந்த மரம் என்பதைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கிளையை ஒடித்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது. போகும் வழியில் சியரா பார்வைமுனையில் நிறுத்தி, கீழே பள்ளத்தாக்கைப் பாருங்கள். சாம்பல் நிறப் புதர்க்காட்டின் நடுவே ஆறு போகும் இடத்தில் மட்டும் பச்சைக்கோடு. இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஏழாம் படி: கால்வாய் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள்

பிக் பைனுக்குத் தெற்கே, அபர்டீன் அருகே ஓவன்ஸ் ஆறு கால்வாயாக மாறுகிறது. சுற்றுலாத் தலம் அல்ல. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு, கான்கிரீட் மதகு, கம்பி வேலி, அவ்வளவுதான். ஆனால் கவுண்டியில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க நேரம் இருக்கிறது என்றால் நான் காட்டுவது இதையே.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் 1904, 1905 ஆண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றோர நிலங்களையும் நீர் உரிமைகளையும் வாங்கினார். அப்போது மத்திய அரசின் நீர்ப்பாசனத் துறை இங்கே ஒரு பாசனத் திட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் ஈட்டன் வாங்குகிறார் என்று விவசாயிகளில் பலர் நம்பினார்கள். அந்தத் துறையின் பொறியாளர் ஜோசஃப் லிப்பின்காட்டோ ஈட்டனின் நண்பர், நகரத்திடமிருந்தும் ஊதியம் பெற்றவர். 1905 ஜூலையில் செய்தித்தாளில் விஷயம் வெளிவந்தபோது பள்ளத்தாக்குக்காரர்களின் கையில் எதுவும் மிச்சமில்லை. மத்திய அரசின் பாசனத் திட்டம் கைவிடப்பட்டது. நகரத்தின் தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் 1908 முதல் 1913 வரை கால்வாயைக் கட்டினார். நீளம் 375 கிலோமீட்டர். எங்குமே பம்பு இல்லை, சரிவில் தானாக ஓடும்படி அமைத்தது. பொறியியலாகப் பார்த்தால் அதற்கு ஈடு சொல்வது கடினம். அதை மறைத்துப் பயனில்லை. 1913 நவம்பர் 5 அன்று தண்ணீர் வந்து விழுந்தபோது முல்ஹாலண்ட் பேசியது இவ்வளவுதான்: “இதோ, எடுத்துக்கொள்ளுங்கள்.”

ஆரம்பத்தில் பள்ளத்தாக்கில் விவசாயம் நடந்துகொண்டுதான் இருந்தது. 1920-களில் வறட்சி வந்தது, நகரமும் வீங்கியது. வடக்கே இருந்த நிலங்களையும் பாசன வாய்க்கால்களையும் நகரம் ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியது. பக்கத்து வயல்காரன் விற்றுவிட்டால் வாய்க்காலைப் பராமரிக்க ஆள் குறையும், அடுத்தவனும் விற்க வேண்டியதாகும். 1924 மே மாதம் பள்ளத்தாக்குக்காரர்கள் கால்வாய்க்கு டைனமைட் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று சுமார் எழுபது பேர் லோன் பைனுக்கு வடக்கே உள்ள அலபாமா மதகுகளைக் கைப்பற்றி, கால்வாய் நீரைப் பழைய ஆற்றுப் படுகைக்கே திருப்பிவிட்டார்கள். நாலு நாள் மதகு அவர்கள் கையில் இருந்தது. ஊரே திரண்டு வந்து சமைத்துச் சாப்பிட்டது. அருகில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் தன் இசைக்குழுவை அனுப்பிவைத்தார். மதகு இன்றும் 395-ஐ ஒட்டியே இருக்கிறது. வேகமாகப் போனால் தெரியாது.

எதிர்ப்பை நிறுத்தியது போலீஸ் அல்ல. அதை முன்னின்று நடத்திய வாட்டர்சன் சகோதரர்கள் உள்ளூர் வங்கிகளின் உரிமையாளர்கள். 1927 ஆகஸ்டில் அந்த வங்கிகள் மூடப்பட்டன. கணக்கில் பணம் இல்லை. சகோதரர்கள் கையாடல் வழக்கில் சிறைக்குப் போனார்கள், ஊராரின் சேமிப்பும் போனது. அதன் பிறகு விற்காமல் தாக்குப்பிடிக்க யாரிடம் என்ன இருந்தது? 1933-க்குள் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடும் ஊர்மனைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடும் நகரத்தின் கைக்குப் போயிருந்தன. 1920-இல் 7,031 பேர் இருந்த கவுண்டியில் 1930-இல் 6,555 பேர். அதே பத்தாண்டில் லாஸ் ஏஞ்சலஸ் இரு மடங்குக்கு மேல் பெருகியது.

நகரம் வாங்கியதால்தான் பள்ளத்தாக்கு கட்டடக் காடாகாமல் தப்பியது என்று சிலர் சொல்வதை வழியில் கேட்பீர்கள். காட்சி தப்பியது உண்மைதான். இருக்க வேண்டிய ஊர்கள் இல்லாமல் போனதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எட்டாம் படி: இண்டிபெண்டன்ஸில் ஆவணங்களைத் தேடுங்கள்

சில நூறு பேர் வாழும் ஊருக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தூண்களோடு ஒரு நீதிமன்றக் கட்டடம் சாலையோரம் நிற்கும். 1921-இல் கட்டியது, கவுண்டியின் நான்காவது நீதிமன்றம். முதலாவதை 1872 நிலநடுக்கம் கொண்டுபோனது, இரண்டாவதை 1886 தீ விபத்து. கிழக்கு கலிஃபோர்னியா அருங்காட்சியகம் சில தெரு தள்ளி இருக்கிறது. பையூட், ஷோஷோனி பழங்குடிகளின் கூடைகளை அங்கே அவசரப்படாமல் பாருங்கள். நீர் தங்கும் அளவுக்கு நெருக்கமாகப் பின்னி, பைன் பிசின் பூசிய குடுவைகள் உண்டு. வாய் குறுகி, அடி கூம்பி இருக்கும். மணலில் குத்தி நிறுத்துவதற்கும் சாய்ந்தாலும் சிந்தாமல் இருப்பதற்கும் அந்த வடிவம்.

ஒரு குறிப்பிட்ட நிலத்தின் வரலாற்றைத் தோண்ட விரும்புகிறவர்கள் இந்த வரிசையில் போங்கள். முதலில் பொது நில நிர்வாகத்தின் இணையதளத்தில் பழைய நிலப் பட்டாக்களைத் தேடுங்கள், இலவசம். அதற்கு நில அளவை முறை தெரிந்திருக்க வேண்டும். நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1862 சட்டப்படி குடியேறி ஒருவருக்கு 160 ஏக்கர், அதாவது ஒரு கூறில் கால் பங்கு. இன்யோவின் பெரும்பகுதி டையாப்லோ மலையை அடிப்புள்ளியாகக் கொண்ட அளவை. தென்கிழக்கு மூலை மட்டும் சான் பெர்னார்டினோ அளவை; அங்கே எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டா கிடைத்ததும் கவுண்டிப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்குப் பிந்தைய கிரயப் பத்திரங்களைக் கேளுங்கள். பெரும்பாலான சங்கிலிகள் 1920-களில் ஒரே வாங்குபவரிடம் போய் முடியும். யார் என்று இனி சொல்ல வேண்டியதில்லை. ஆட்களைத் தேடுகிறவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களைப் பாருங்கள். 72 ஆண்டுகள் கழித்துத்தான் அவற்றை வெளியிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை கிடைக்கும்.

ஒன்பதாம் படி: மன்சனாருக்குக் குறைந்தது அரை நாள் கொடுங்கள்

இண்டிபெண்டன்ஸுக்கும் லோன் பைனுக்கும் நடுவே, வலப்பக்கம் ஒரு காவல் கோபுரம் தெரியும். 1910-இல் இங்கே ஆப்பிள் தோட்டக் குடியிருப்பு ஒன்று உருவானது. தண்ணீருக்காக லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அதையும் வாங்க, 1920-களின் முடிவில் ஊர் காலியானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணைப்படி ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கடற்கரையிலிருந்து அகற்றியபோது, ஆளில்லாத இந்த நிலத்தில் முகாம் எழுந்தது. ஒரு சதுர மைல், 36 தொகுதிகள், தார்த்தாள் போர்த்திய பலகைக் கொட்டகைகள், முள்வேலி. மொத்தம் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை இங்கே அடைத்துவைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தவர். அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்துக் காலியான மண்ணுக்கு, அந்த நகரத்தின் மக்களையே கொண்டுவந்து போட்டார்கள்.

1945 நவம்பரில் முகாம் மூடப்பட்டது. கொட்டகைகளை ஏலம் விட்டார்கள். நாடாளுமன்றம் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது 1992-இல். நுழைவுக் கட்டணம் கிடையாது. முகாமின் பழைய அரங்கம்தான் இன்று பார்வையாளர் மையம். அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டு, காரிலேயே சுற்றும் பாதையில் மெதுவாகப் போங்கள். இடையிடையே இறங்கி நடங்கள். மணலுக்கு அடியிலிருந்து மீட்டெடுத்த தோட்டங்களைத் தேடுங்கள். சிறைப்பட்டவர்கள் பாறை சுமந்து வந்து, குளம் வெட்டி, சிறு பாலம் கட்டி அமைத்தவை. தொகுதி எண் எழுதிய கம்பங்களுக்கு நடுவே, முகாமுக்கும் முந்தைய பேரி மரங்கள் இன்னும் காய்க்கின்றன.

மேற்குக் கோடியில் மயானம். 1943-இல் எழுப்பிய வெள்ளைத் தூண், அதில் கறுப்பு எழுத்துகள், பின்னால் சியரா. தூணின் அடியில் வந்தவர்கள் வைத்துப்போன காகிதக் கொக்குகள், நாணயங்கள், கூழாங்கற்கள் கிடக்கும். தொடாதீர்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையன்று இங்கே ஆண்டு யாத்திரை நடக்கிறது. 1969 முதல் நடப்பது, யாரும் கலந்துகொள்ளலாம். அந்த வாரம் லோன் பைனில் அறை கிடைப்பது கடினம், முன்பதிவு செய்துவிடுங்கள்.

பத்தாம் படி: லோன் பைன்

இந்த ஊரில் பலரும் மேற்கே விட்னியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். ஊருக்கு வடக்கே சாலையோர மேட்டில் ஒரு வேலியிட்ட கல்லறை இருக்கிறது. 1872 மார்ச் 26 அதிகாலை இரண்டரை மணியளவில் வந்த நிலநடுக்கத்தில் இந்தப் பகுதியில் 27 பேர் இறந்தார்கள். ஊரிலிருந்த 59 வீடுகளில் 52 விழுந்தன. காரணம் பச்சைக் களிமண் கல் சுவர்கள். நிலம் வெடித்து ஏறிய மேட்டை ஊருக்கு மேற்கே இன்றும் காணலாம். முதல் படியில் சொன்ன இழுபட்டு உடையும் நிலத்தை, மனித வாழ்நாள் அளவில் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அலபாமா குன்றுகளுக்கு மாலையில் போங்கள். உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களை ஆதரித்த சுரங்கக்காரர்கள் தங்கள் கப்பலான அலபாமாவின் பெயரை வைத்தார்கள். அதை 1864-இல் மூழ்கடித்த வடக்கின் கப்பல் கீர்சார்ஜ்; எதிர்த்தரப்பார் சும்மா இருப்பார்களா, பக்கத்துச் சிகரத்துக்கும் கணவாய்க்கும் கீர்சார்ஜ் என்று வைத்துவிட்டார்கள். ஹாலிவுட்டின் பல பழைய படங்களில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறமாக நடித்தவை இந்தப் பாறைகள்தாம்.

விட்னி ஏற நினைப்பவர்கள்: போய்வர 35 கிலோமீட்டர். அனுமதிச் சீட்டு கட்டாயம்; மே முதல் நவம்பர் தொடக்கம் வரைக்கான குலுக்கல் விண்ணப்பத்தைப் பிப்ரவரியிலேயே போட வேண்டும். சீட்டு கிடைக்காதவர்கள் மலையடிவாரமான விட்னி போர்ட்டல் வரை காரில் போகலாம். 21 கிலோமீட்டரில் சுமார் 1,400 மீட்டர் ஏற்றம்; இறங்கும்போது பிரேக்கை மிதித்தே வராமல் கியரைக் குறையுங்கள்.

பதினோராம் படி: ஏரி இருந்த இடம்

லோன் பைனுக்குத் தெற்கே, 395-உம் 136-உம் பிரியும் இடத்தில் பார்வையாளர் மையம் இருக்கிறது. வரைபடங்கள் அங்கே கிடைக்கும். அங்கிருந்து 136-இல் கீலர் பக்கம் திரும்புங்கள். வலப்பக்கம் கிடப்பதுதான் ஓவன்ஸ் ஏரி. ஒருகாலத்தில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு; 1872-இல் இதில் நீராவிப் படகு ஓடியது, எதிரே செர்ரோ கோர்டோ மலையில் உருக்கிய வெள்ளி ஈயக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு. ஆற்றை மேலே திருப்பிய பதின்மூன்று ஆண்டுகளில், 1926 வாக்கில், ஏரி வற்றிப்போனது. உப்பும் நுண்மண்ணும் காற்றில் பறந்தன. அமெரிக்காவில் ஓரிடத்திலிருந்து எழும் நுண்தூசியில் இதுதான் மிகப் பெரியது என்ற பெயர் பல பத்தாண்டுகள் இதற்கு இருந்தது.

சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2001 முதல் நகரமே இதைச் சீர்செய்யச் செலவிடுகிறது. இதுவரை 200 கோடி டாலருக்கு மேல். குனிந்து பார்த்தால் எப்படி என்று புரியும். சில பாத்திகளில் ஓரடிக்கும் குறைவாக நீரைத் தேக்கியிருப்பார்கள். சிலவற்றில் உப்புத் தாங்கும் புல், சிலவற்றில் சரளைக்கல். தூசியை அடக்கத் தேக்கிய நீரில் உப்பு ஈக்கள் பெருகின, ஈக்களைத் தேடிப் பறவைகள் திரும்பின. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் பைனாகுலர் கொண்டுவந்தவர்கள் பாக்கியசாலிகள். ஆற்றுக்கும் கொஞ்சம் கிடைத்தது: கவுண்டி தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2006 டிசம்பரில் பழைய படுகையில் 62 மைலுக்கு நீர் விட்டார்கள். காற்று பலமாக வீசும் நாளில் ஏரிப்படுகையில் இறங்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் காரின் கண்ணாடியையும் இறக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் படி: டெத் வேலி வழியாக வெளியேறுங்கள்

டெத் வேலியைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது, நான் சுருக்கிக்கொள்கிறேன். லோன் பைனிலிருந்து, பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக் சுமார் 170 கிலோமீட்டர், 136-உம் 190-உம் சாலைகள். உள்ளே பெட்ரோல் விலை அதிகம். சப்ரிஸ்கி பார்வைமுனையில் காலை, முதலில் சொன்ன மிகத் தாழ்ந்த நிலமான பேட்வாட்டரில் மாலை. ஹார்மனி வெண்காரத் தொழிற்சாலையில் பழைய வண்டிகளைப் பாருங்கள். 1883 முதல் 1888 வரை, பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் இழுக்க, 265 கிலோமீட்டர் தூரம் மொஹாவி ரயிலடி வரை வெண்காரம் போனது. தண்ணீர் தொட்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஃபர்னஸ் க்ரீக்கின் ஊற்றுகளைச் சுற்றி வாழ்ந்தவர்கள் டிம்பிஷா ஷோஷோனி மக்கள். 1933-இல் இதைத் தேசிய நினைவிடமாக்கியபோது அவர்களைக் கேட்கவில்லை. 2000-இல் வந்த தாயகச் சட்டத்தின் மூலம் சுமார் 300 ஏக்கர் பூங்காவுக்குள்ளேயே அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்களுடைய குடியிருப்பு பார்வையாளர் மையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அது ஊர், காட்சிப்பொருள் அல்ல. வீடுகளைப் படமெடுக்காதீர்கள்.

திரும்பும்போது வந்த வழியே போக வேண்டாம். தெற்கே இறங்கினால் ஷோஷோனி என்ற சிற்றூர், அதற்கடுத்து வெந்நீர் ஊற்றுகள் உள்ள டெகோபா. ஷோஷோனியில் பெட்ரோல் போட்டுவிடுங்கள். அங்கிருந்து 127-ஆம் சாலையில் பேக்கர் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், நடுவில் ஒன்றும் கிடையாது. பேக்கரில் 15-ஆம் நெடுஞ்சாலை பிடிக்கலாம். ஞாயிறு மாலை அந்தச் சாலையில் லாஸ் வேகஸிலிருந்து வீடு திரும்பும் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். முடிந்தால் திங்கள் காலை புறப்படுங்கள்.